ஆம்பூர்க் கிணற்றுக்குப் போன கெண்டைக் குஞ்சுகள்

போன பங்குனியில் நான் ஆம்பூருக்குப் போனது கிணற்றில் மீன் விடுவதற்காக. தங்கை காமாட்சியின் கைக்குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி ஊறி, வீட்டுக் கிணறு கெட்டுவிட்டது என்பது அவள் கட்சி. "எங்க மாமனார் வெட்டின கெணறு, தேனாட்டம் தண்ணி" என்பது அவள் மாமியார் கட்சி. மீன் விட்டால் புழு பூச்சியைத் தின்று கிணற்றைச் சுத்தமாக வைக்கும் என்று ஒரு சுகாதாரப் பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். அந்த அம்மாளோடு வாதாடுவதைவிட மீன் பிடிப்பது சுலபம்.

வேலூரிலிருந்து காட்பாடிக்கு ஜட்கா நாலணா. அங்கிருந்து மூன்றாம் வகுப்பில் சுமார் முப்பது மைல். மடியில் மண்பானை, பானைக்குள் கெண்டைக் குஞ்சுகள்.

"இன்னா, கொழம்புக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கிணத்துக்கு" என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆம்பூரில் இறங்கியதும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வழியில் ஒரு கால்வாய், ஆவாரம்பட்டைச் சாறு கலந்து டீ நிறத்தில் ஓடியது. பானைக்குத் தண்ணீர் மாற்றலாமே என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா சார், மீனயும் பதம்போடப் போறீங்களா?" என்றார் ஜட்காக்கார பாய். தண்ணீரை மாற்றாமல் பானையை மூடிக்கொண்டேன்.

மாலையில் கிணற்றில் விட்டோம். காலையில் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. இந்தத் தண்ணீரைத்தான் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டியிருக்கிறார்கள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "வேலூரு மீனு, சொகுசு ஜாஸ்தி. ரயில்ல வந்த அலுப்பு" என்றார். அப்புறம் முகம் மாறியது. "ஐயையோ, செத்தது கெடந்த தண்ணி! ஐயரு வந்து புண்ணியாகம் பண்ற வரைக்கும் சமையலுக்கு ஆவாது. ஆத்து ஊத்துல எடுங்க."

சுண்ணாம்புக்கு அசையாத மனுஷி தீட்டுக்கு அசைந்துவிட்டார்! தோல் ஷாப்புகளைத் தாண்டி, பாலாற்றின் மேல்பக்கத்து ஊற்றிலிருந்து குடம் குடமாக வந்தது. அந்த வாரக் கடைசியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றது. காமாட்சி முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆம்பூர் போகிறவர்கள் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோங்கள். தீர்ந்தால் மேல்பக்கத்து ஊற்றில் பிடியுங்கள். வெள்ளை வேஷ்டியைக் கால்வாயில் நனைக்காதீர்கள்.

புறப்படும்போது காமாட்சி குழந்தையோடு ஜட்கா வரைக்கும் வந்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, ஐயரு சித்திரையில வர்றாராம். நீ வைகாசியில மறுபடியும் மீன் கொண்டாந்துடு."