கல்லை முதலில் வைப்பவர்

வெள்ளிமலை போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் அவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை, மடியில் கனமான துணிப்பை. கள்ளக்குறிச்சியில் ஒரு நுகர்வோர் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளராம். எந்தக் கடைக்குப் போனாலும் பையிலிருந்து முத்திரை போட்ட ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து முதலில் தராசில் வைப்பது அவர் வழக்கம்.

அன்று மலைக் கிராமத்து ரேஷன் கடையிலும் வைத்தார். வேடிக்கை பார்க்க நானும் அவரோடு இறங்கிப் போயிருந்தேன். தராசு ஒரு கிலோவுக்கு மேல் காட்டியது. கூடுதலாகக் காட்டும் அளவுக்கு ஜனங்களுக்கு அரிசி குறைகிறது என்று அர்த்தம்.

“உங்க சங்கத்துக்கும் கவர்மென்ட்தானே காசு குடுக்குது? நமக்குள்ள இன்னா சார்?” என்று சிரித்தார் விற்பனையாளர்.

“வியாபாரிங்களும் காசு தரேன்னு சொல்லிக்கினுதான் இருக்காங்க. வாங்கினா அவங்க கடையில கல்லு வைக்க முடியுமா? கவர்மென்ட் காசு ஜனங்க கட்டுற வரிப்பணங்க. அதான் இங்கயும் வைக்கிறேன்.”

திரும்பும்போதும் ஒன்றாகவே உட்கார்ந்தோம்; மேகம் ஜன்னல் வழியே நுழைந்து முகத்தை நனைக்க, பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. இந்த வருட நிதி இன்னும் வரவில்லை, வராவிட்டால் சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். நிதிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியிடம்தான் இந்த ரேஷன் கடைப் புகாரையும் கொடுக்க வேண்டும்.

“நிதி வந்தப்புறம் குடுங்களேன்” என்றேன்.

“வந்துட்டா குடுக்க மனசு வராதுங்க.”

கள்ளக்குறிச்சியில் பஸ் நின்றதும் அந்த அதிகாரியின் அலுவலகம் இருக்கும் பக்கமாக வேகமாக நடந்தார். அது துணிச்சலா, தன்மீதே அவருக்கிருந்த பயமா? எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.