கரும்புச் சோகையில் வெந்த சோறு

காலை 6.40க்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தேன். பையில் மூன்று கிலோ அரிசி. சிறுசேரியில் நான் நடத்தும் கேண்டீனில் தினமும் இருநூறு பேர் சாப்பிடுகிறார்கள். சிலிண்டர் வராத நாட்களில் அவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. கரும்பு வெட்டியபின் வயலில் மிஞ்சும் காய்ந்த இலையை, சோகையை, அரைத்து அழுத்தி எரிகட்டை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சமைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

செங்கல்பட்டுக்கு டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூர் பஸ். உத்திரமேரூருக்கு நான்கு கிலோமீட்டர் முன்பே இறங்கி, கட்டை செய்யும் இடத்துக்கு இருபது ரூபாய்க்கு ஷேர் ஆட்டோ. வழியில் ஒரு வயல் முழுக்கப் புகை.

"சோகையக் கொளுத்துறாங்கக்கா. வாரிப் போட ஆளு கெடைக்கல" என்றார் டிரைவர்.

9.15. தகரக் கொட்டகையில் ஆறு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியான செல்விதான் அதை நடத்துபவள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரே பெரிய வாடிக்கையாளரும் போன மாதம் நின்றுவிட்டார் என்பதை அவளே சொன்னாள். புகை வருகிறதாம்.

கட்டைகளை அடுக்கி உலை வைத்தோம். புகைதான் கிளம்பியது. எனக்கு இருமல் அடங்கவில்லை.

"இத வெச்சு நான் எப்படிம்மா சமைக்கிறது? எங்க கேண்டீனச் சுத்தி எல்லாம் ஆபீஸு" என்று பையை எடுத்தேன்.

செல்வி ஒரு கட்டையை முழங்காலில் வைத்து முறித்து, உள்ளே விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஈரம்க்கா. மழையில நனைஞ்ச சோகையச் சேத்துட்டோம். தப்பு எங்களுதுதான். மதியம் வரைக்கும் இருங்க, வேற போட்டுத் தரேன்."

"பஸ்ஸு?"

"சாயங்காலம் வரைக்கும் கீதுக்கா. சோகைய வாங்காம நாங்க இத மூடிட்டா எல்லா வயலும் மறுபடி எரியும். போன வருஷம் அந்த நெருப்புலதான் எங்க வூட்டுக் கூரை போச்சு."

குரலில் கெஞ்சல் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டகைக்குள் காய்ந்து கிடந்த சோகையை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 11.10க்குக் கரண்ட் போயிற்று. யார் கையும் ஓயவில்லை. அரிவாளால் நறுக்கிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்ததும் கட்டை அழுத்தும் மெஷின் ஓடியது. சூடாக வந்த கட்டை ஆறியபின் செல்வி முறித்தாள். 'சடக்' என்று உடைந்தது.

1.05க்கு மறுபடி பற்றவைத்தோம். முதலில் ஒரு இழை புகை, பிறகு வெறும் தீ. உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டேன். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன், வெந்திருந்தது. கஞ்சி வடித்து, அவர்கள் கொண்டுவந்திருந்த காரக்குழம்போடு ஏழு பேரும் சாப்பிட்டோம்.

"மழைக்காலத்துல என்ன பண்ணுவே?"

"ஒரு கட்ட ஈரமா இருந்தாலும் மொத்த லோடையும் திருப்பி அனுப்புங்க. நான் வேற அனுப்புறேன்."

திங்கட்கிழமைக்கு ஒரு லோடு சொல்லிவிட்டு 3.30 பஸ்ஸில் ஏறினேன். எங்கள் கேண்டீனில் சாம்பார் தீய்ந்தால், பழி போட ஆள் தேடுவதிலேயே எனக்கு அரை நாள் போய்விடும். தப்பு தன்னுடையது என்று சொல்ல செல்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரமெல்லாம் அவளுக்கு வேலைக்குக் கிடைத்தது.

தாம்பரத்தில் இறங்கியதும் சமையல் மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"பின்பக்கம் மழை படாத இடமா ஒண்ணு காலி பண்ணி வைங்க மாஸ்டர். கட்டை வருது."