மேலிருந்து கீழ்: கத்தாதே

போன வருடம் மைசூரில் மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட குடும்பம் இப்போது வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எப்படியும் அவர்களுடைய பழைய ஹவுஸ் ஓனர் இதைப் படிக்கப் போவதில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது.

வாரம் முழுக்க எனக்கு வங்கி வேலை. ஞாயிறு காலையில் மட்டும் ஒரு வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கன்னடம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷும் பிரமாதம். தமிழ் என்றால்தான் வாய் தந்தியடிக்கும். பாடப் புத்தகத்தை எடுத்தாலே கொட்டாவி விடுகிறார்களே என்று குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் பிய்த்து உதறினார்கள். எனக்கா தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, வாலுகள் அத்தனை பேரும் போனில் தேடி எழுதியிருக்கிறார்கள்!

சரி, உங்களை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாதா என்று ஆட்டத்தை மாற்றினேன். இனிமேல் புதிரை அவர்களே உருவாக்க வேண்டும். அந்த வாரம் வீட்டில் காதில் விழுந்த வினைச்சொற்களைப் பொறுக்கி எடுத்துக் கட்டத்தில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் தங்கள் வீட்டை வைத்தே ஒரு குறிப்பு எழுத வேண்டும். வீட்டில் பேசுவதைப் போன் சொல்லித் தராது இல்லையா?

அடுத்த ஞாயிறு எல்லாத் தாளையும் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். ‘எழுந்திரு’, ‘படி’, ‘குளி’ என்று பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், ஒரு தாளில் அப்படியே நின்றுவிட்டேன். அது ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியுடையது.

மேலிருந்து கீழ்: ராத்திரி அழுதால் அப்பா சொல்வது. கட்டத்தில் ‘கத்தாதே’. இடமிருந்து வலம்: வேலைக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் சொல்வது. ‘பூட்டு.’ இன்னொன்று, வெளியே போகப் பார்த்தால் அப்பா செய்யச் சொல்வது. ‘கட்டிப்போடு.’ அதற்குக் கீழே, யாராவது வந்தால் சொல்வது. ‘உள்ளேபோ.’

நான்கு குறிப்புகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. “நீ பேங்குக்குப் போனதுக்குப் பதிலா போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்” என்று என் கணவர் எப்போதும் கிண்டல் செய்வார். அன்றைக்கு அவரிடம் தாளை நீட்டினேன். படித்துவிட்டு, “அடுத்த வகுப்புல முதல்ல அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுப் பாரு” என்றார்.

யோசிக்க யோசிக்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. அந்தச் சிறுமியின் அப்பா ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்காரர். அவளைக் கொண்டுவந்து விடுவார், கூட்டிப் போவார், யாரோடும் நின்று பேசமாட்டார். ஒருமுறை பெரிய மழையில் இன்னொரு அம்மா அவளைக் காரில் வீடுவரை விடுகிறேன் என்றதற்கு, தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொல்லி அங்கே குடையோடு வந்து நின்றாராம். அவர்கள் வீட்டுக்குள் போனவர்கள் எங்களில் யாருமே இல்லை.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, “கண்ணு, வீட்ல யாரைக் கட்டிப்போடுறாங்க?” என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. முழங்கையில் சிவப்பாகக் கீறல்கள் வேறு இருந்தன. சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“சொல்லக்கூடாது மிஸ். சொன்னா அப்பா பைத்தாரே” என்றாள். திட்டுவார் என்பதைக் கன்னடத்தில் சொன்னாள். அதற்குள் கீழே அவள் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். கணவர்தான் தடுத்தார். “நீ நினைக்கிறது தப்பா இருந்தா அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சரியா இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இன்னைக்கே நேர்ல போய்ப் பாரு.” நியாயமாகப் பட்டது. ஆனால் ஒரு பெண் குழந்தை விஷயத்தில் நேரில் போய்ப் பார்ப்பதே அவர்களை உஷார்படுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. எண்ணை அழிக்காமல் திரையில் அப்படியே வைத்துக்கொண்டுதான் போனேன்.

கீழ்த்தளத்தில் பின்பக்கத்து வீடு. பட்டப்பகலில் எல்லா ஜன்னலிலும் திரை. கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ இழுபடும் சத்தம், தாழ்ப்பாள் போடும் சத்தம். அவள் அம்மா கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்த நேரம் உள்ளே யாரோ மெல்ல முனகினார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சிறுமி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அப்பாடா, இவள் வெளியேதான் இருக்கிறாள். அப்படியானால் உள்ளே இருப்பது யார்? இன்னொரு குழந்தையா? பூட்டியிருந்த அறைக்கு முன்னால் அவள் அப்பா வந்து நின்றார்.

“உள்ள ஒண்ணும் இல்லீங்க மேடம்.”

“கதவைத் திறங்க. இல்லேன்னா இப்பவே போன் பண்ணுவேன்.”

அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “ஓனருக்கு மட்டும் பண்ணாதீங்க மேடம். நாளைக்கே காலி பண்ணச் சொல்லிருவாருங்க.”

ஓனரா? ஓனர் எங்கே நடுவில் வந்தார்? நான் விழித்துக்கொண்டு நிற்க, அந்தச் சிறுமி வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய். பின்னங்காலில் மாவுக்கட்டு. பழைய போர்வையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லித்தான் வீடு கொடுத்தாராம். ஊரில் வண்டியில் அடிபட்ட நாயை விட்டுவர மனசு வராமல் ரகசியமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கீறல்கள் அதன் நகம் பட்டவை. நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னதும் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “என்ற புள்ளையவா கட்டிப்போடுவேன்?” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் என் போலீஸ் புத்தி விடவில்லை. “சரி, பொண்ணு ‘பைத்தாரே’ன்னு கன்னடத்துல பேசுறா, நாயை ஏன் தமிழ்ல அதட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணன் தோட்டத்துல பொறந்ததுங்க. அதுக்குக் கன்னடம் தெரியாதுங்களே!” என்றார், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

மகளிடம் காபி கொண்டுவரச் சொன்னார், கன்னடத்தில். மழை வருகிறது, ஜன்னலைச் சாத்து என்றார், அதுவும் கன்னடத்தில். பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழக்கியதாம். பிறகு நாய்ப் பக்கம் குனிந்தார். “பயப்படாத கண்ணு, மேடம் நம்மளுக்கு வேண்டியவிகதான். காலு வலிக்குதா சாமி? இன்னும் ரெண்டு நாளு பொறுத்துக்க, தங்கம்” என்று அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு வாஞ்சையான தமிழை மைசூரில் நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

டம்ளரோடு நின்ற சிறுமி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. “அப்பா இதுகிட்ட மட்டும்தான் இப்படித் தமிழ்ல பேசுவாரு மிஸ். நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்குவேன்” என்றாள்.

குற்றம் சொல்லும் குரலே இல்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அப்பாவின் கை நாயின் தலைமேல் அப்படியே நின்றுவிட்டது. நான் காபியை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் புதிய புதிர் கொண்டுவந்தாள். முதல் குறிப்பு இப்படி இருந்தது: நான் விழுந்தபோது அப்பா என்னைக் கேட்டது. கட்டத்தில் ‘வலிக்குதா’.

எனக்கு வழக்கம்போல் சந்தேகம். நிஜமாகவே விழுந்தாளா, அவர் நிஜமாகவே கேட்டாரா, இல்லை கேட்டால் நன்றாக இருக்கும் என்று அவளே எழுதிக்கொண்டாளா? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் விட்டுவிட்டு, தாளில் சரி போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு புதுச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம், இதை இவர்களிடம் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களா என்று ஒரு நிமிடம் கை நின்றுவிட்டுத்தான் எழுதுகிறது.