சைக்கிள் பேரில் ஒரு கணக்கு

என் வீட்டுக்காரர் இருந்தார். மகன் இருந்தான். வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்திருந்தாள். காயலான் கடைக்காரர் வாசலில் நின்றார். நான் இருந்தேன். சுவரோரம் என் சைக்கிள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்காரரை வரச் சொன்னது மகன். சைக்கிளை எடைக்குப் போட. எனக்கு அவர் வந்த பிறகுதான் தெரியும்.

மாதனூர் பக்கம் எங்கள் ஊர். ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் வேலை. கம்பெனி பஸ் வருகிறது. ஊர் ஊராகச் சுற்றிப் போகும். எனக்கு வாந்தி வரும். அதனால் பதினோரு வருஷமாக சைக்கிள்.

மகனுக்குப் பெண் பார்க்கிறோம்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல நீ சைக்கிள்ல வந்து எறங்குவ. நல்லாவா இருக்கும்? தவணையில ஸ்கூட்டர் எடுத்துத் தர்றேம்மா," என்றான்.

"வேணாம்."

"ஏன்?"

மிதிக்கிற நாளில் உடம்பு லேசாக இருக்கிறது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. "ஒடம்புக்கு நல்லது," என்றேன்.

"எவ்ளோ நல்லது? ரூபாயில சொல்லு. ஸ்கூட்டருக்கு மாசம் முந்நூறு ரூபா பெட்ரோல் நான் போடப்போறேன். உன் சைக்கிள் அதவிட ஜாஸ்தி சம்பாதிச்சா இருக்கட்டும். இல்லன்னா பாய் எடுத்துட்டுப் போகட்டும்."

கடைக்காரர் சிரித்தார். "நான் நானூறு தர்றேன். சட்டுனு சொல்லுங்கப்பா. வெயில் ஏறுது, பேஜாரா இருக்குது."

மகள் காலண்டர் தாளைக் கிழித்தாள். பேனா எடுத்தாள்.

"அப்பாவுக்கு சுகர். மாத்திரை, டெஸ்ட், டாக்டர், ஆட்டோ எல்லாம் சேத்து மாசம் ஆயிரத்து நூத்தி நாப்பது. அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயசு, அதே சாப்பாடு. போன மாசம் பாத்தேன், சுகர் இல்ல."

"அப்ப மொத்தத்தையும் சைக்கிள் பேர்ல எழுது," என்றார் வீட்டுக்காரர். "என் வியாதி ஒரு கணக்குக்காவது ஆவட்டும்."

"அப்டி எழுத முடியாதுப்பா. உன் வீட்ல எல்லாருக்கும் சுகர். அம்மா வீட்ல யாருக்கும் இல்ல. வாரத்துக்கு நாலு மணி நேரம் மிதிச்சா மூணுல ஒரு பங்கு போடலாம். கம்மியா மிதிச்சா கம்மி. அதுவும் என் குத்துமதிப்புதான்."

மகன் சரி என்றான். மகள் என்னைக் கேட்டாள்.

"வாரத்துக்கு எத்தன தடவ?"

"ஆறு."

"போய்ச் சேர எவ்ளோ நேரம்?"

"இருபது நிமிஷம்."

ஆறு இருபது நூற்றிருபது. இரண்டு மணி நேரம். பங்கில் பாதி போனது. நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.

"அவ்ளோதான். பாய், எடுங்க," என்றான் மகன்.

கடைக்காரர் ஸ்டாண்டைத் தட்டினார். என் பைகளை அவிழ்க்கப் போனேன். ஹேண்டில்பாரில் இரண்டு பை. வலது பக்கம் சாப்பாட்டுப் பை, போகும்போது நிறைந்திருக்கும். இடது பக்கம் காய் வாங்குகிற பை. அது வரும்போது நிறையும். இடது பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, வர்றத எழுதினியா?"

"எத?"

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றத."

"நீதானம்மா ஆறுன்ன!"

எங்கள் பிரிவில் இடதும் வலதும் சேர்ந்தால்தான் ஒன்று. ஒற்றைக் கால் ஷூவை யாரும் எண்ண மாட்டோம். அது மறுவேலை மேசைக்குப் போய்விடும். பன்னிரண்டு தைத்தால் சீட்டில் ஆறு. போவதும் வருவதும் எனக்கு ஒன்றுதான். வாய் அப்படிப் பழகிவிட்டது.

"போனவ திரும்பியே வரலன்னு எழுதிட்டியே பாப்பா," என்றார் வீட்டுக்காரர். கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு சைக்கிளிலிருந்து கையை எடுத்தார்.

நாலு மணி நேரம். முழுப் பங்கு. முந்நூற்று எண்பது.

"டயரு, பங்ச்சரு?" மகன் விடவில்லை. கேட்டது நியாயம்.

"போன வருஷம் லாரிக்கு ஒதுங்கி விழுந்தேன். கட்டுப் போட்ட காசையும் கழி," என்றேன்.

"விழுந்தத யாராவது தானா சொல்வாங்களாம்மா?" என்றாள் மகள்.

விழுந்தது விழுந்ததுதான். எல்லாவற்றையும் மாசத்துக்குப் பிரித்தால் நாற்பது வந்தது.

கடைக்காரருக்கு டீ கொடுத்தேன். ஓடாத பழைய ஃபேனை எடுத்துக்கொண்டு போனார். மகன் பம்பை எடுத்து வந்து பின் சக்கரத்துக்குக் காற்று அடித்தான். நான் இரண்டு பைகளையும் திரும்பக் கட்டினேன்.

அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. அடியில் மகள் கோடு போட்டு எழுதியது.

முந்நூற்று நாற்பது.