கல்லைத் தொட அனுமதி

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முன்கூட்டியே எழுத்தில் கேட்டால், செதுக்கப்பட்ட கற்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பதில் பத்து வேலை நாட்களுக்குள் அனுப்பப்படும். ஸ்கொட்லாந்துக் கிராமமொன்றின் பழைய தேவாலயத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தின் விதி இது. நல்ல விதி. உலகின் மறுபக்கத்தில், பரமட்டாவில், உத்தியோக காலம் முழுவதும் இப்படிப்பட்ட விதிகளை எழுதியவன் நான். அவை எப்படி உறங்கும் என்பதும் தெரியும். ஆகவே மார்ச்சிலேயே, மனைவியின் கண் மருத்துவர் தந்த கடிதத்தோடு எழுதினேன். ஏப்ரலில் நினைவூட்டினேன். மே மாதத்தில் நினைவூட்டலை நினைவூட்டினேன்.

சில வருடங்களுக்கு முன் அங்கே மகளைப் பார்க்கப் போனபோது குளிர்காலம். அந்தத் தேவாலயத்தின் சிலுவைக் கல்லைப் பனி படாமல் பலகையால் மூடியிருந்தார்கள். "அடுத்தமுறை பாப்பம்" என்றாள் மனைவி. அடுத்தமுறை ஜூனில் போனோம். பலகை இல்லை. அவளுக்குப் பார்வையும் ஓரங்களில்தான் மிச்சமிருந்தது.

கல்லறைகளுக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், ஆளுயரக் கல். அதில் செதுக்கிய, ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழைய சிலுவை. சாவி வைத்திருந்த பெண்மணி அனுமதிக் கடிதம் கேட்டார். பதிலே வரவில்லை என்றேன். மிகவும் வருந்தினார், பூட்டைத் திறக்கவில்லை. அவருடைய இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன் என்பதுதான் எரிச்சல்.

"என்ன இருக்கெண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

"சிலுவை. சுத்திவரப் பின்னல் வேலை. கீழ ரெண்டு மிருகம்."

"என்ன மிருகம்?"

"தெளிவில்லை."

"கந்தோர் அறிக்கை வாசிக்கிறியள். இந்தாங்கோ, கையில கீறிக் காட்டுங்கோ."

உள்ளங்கையை நீட்டினாள். பின்னலில் ஒரு கோட்டைக் கண்ணால் பிடித்து, அதன் போக்கிலேயே அவள் கையில் விரலால் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றின் மேலே ஏறி, அடுத்ததன் கீழே நுழைந்து, சிலுவையின் தோளில் திரும்பியதும் விரல் நின்றுவிட்டது.

"ஏன் நிண்டிட்டியள்?"

"கோட்டைத் தவறவிட்டிட்டன்."

"இவ்வளவு படிச்சும் ஒரு முடிச்சைப் பிடிக்கேலாம இருக்கு. முதல்ல இருந்து வாங்கோ."

முதலிலிருந்து வந்தேன். மறுபடியும் தவறினேன். அவள் கையை எடுக்கவில்லை. கம்பிக்கு அப்பால் கல் இருந்த பக்கமே முகத்தை வைத்திருந்தாள். மழை தூறத் தொடங்கியதும் மகளின் காருக்குத் திரும்பினோம்.

பரமட்டாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஹோம்புஷ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் கால் வீங்கியிருந்தது. இனி அவ்வளவு தூரம் பறக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார்.

கடைசியில் வந்த அலுவலகத்தின் பதிலில் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. மோதிரங்களைக் கழற்ற வேண்டும், வரும் நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பதில் வந்த திகதி டிசம்பர் பதின்மூன்று.