சீம்பால் கேட்டு நின்ற டாக்டர் சவரிமுத்து

கடலூர் மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து தந்தி வந்தது. கால்நடை டாக்டர் சவரிமுத்து அவர்கள் காய்ச்சலில் காலமானார்கள். அவர்களிடம் கம்பவுண்டராக இருந்த எனக்கு, கையிலிருந்த புட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர்கள் கடலூருக்கு வந்த புதிதில், மேல்பட்டாம்பாக்கத்தில் கன்றுகள் பிறந்த வாரத்திலேயே கழிச்சல் கண்டு மடிந்தன. சீம்பால் கன்றின் வயிற்றுக்கு ஆகாதென்று பலர் அதைக் கறந்து காய்ச்சிச் சாப்பிட்டுவிடுவார்கள். "நோயைத் தடுக்கிற சக்தி அந்தப் பால்லதான் இருக்கு. பொறந்த அன்னிக்கே கன்னு குடலுக்குள்ள போயிடணும்" என்று டாக்டர் வீடு வீடாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் சிலரே.

யுத்த காலம் அது. ஒரு காலை, கோதண்டம் என்பவரின் பசு, டாக்டர் எவ்வளவோ போராடியும், கன்றை ஈன்றுவிட்டு இறந்தது. ஏற்கெனவே மூன்று கன்றுகளைப் பறிகொடுத்தவர் அவர்.

"தாயே போயிடுச்சி. இது எங்க சார் பொழைக்கப் போவுது? வுட்டுடுங்க" என்றார்.

டாக்டர் விடவில்லை. அடுத்த தெருவில் அலமேலு அம்மாளின் பசு அன்று விடியலில்தான் ஈன்றிருந்தது. சீம்பால் அடுப்பிலேறும் நேரத்தில் போய் நின்றோம்.

"காய்ச்சிடாதீங்கம்மா, அந்தச் சக்தி செத்துடும். மொதல்ல உங்க கன்னு குடிக்கட்டும். மிச்சத்தக் குடுங்க."

"செத்த மாட்டுக் கன்னுக்குக் குடுத்து, எம் மாட்டுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆச்சுன்னா இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன்."

தன் கன்றுக்குப் போக மிச்சத்தைச் சொம்பில் ஊற்றி அந்த அம்மாள் நீட்டினார்.

அதன்பின் தினமும் கடலூரிலிருந்து சைக்கிளில் போனோம். போனதும், கழிச்சல் கண்டிருக்கிறதா என்று இரண்டு கன்றுகளின் வாலடியைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார்கள். நான்காம் நாள் கோதண்டத்தின் கன்று நீர்த்துக் கழிந்தது. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"ராமலிங்கம், அந்தம்மாகிட்ட ஜாஸ்தி பேசிட்டேனா?" என்று திரும்பும் வழியில் கேட்டார்கள். மறுநாளும் கழிச்சல் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் நாங்கள் போனபோது கன்று கோதண்டத்தின் வேட்டியை முட்டி முட்டி இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு அவ்வூரில் கன்றுக்குக் கொடுக்காமல் யாரும் சீம்பாலை அடுப்பிலேற்றவில்லை. டாக்டரும் சிதம்பரத்துக்கு மாற்றலாகிப் போனார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் நான் சிதம்பரம் கல்லறைக்குப் போனபோது, சொல்லியனுப்பாமலே கோதண்டமும் அலமேலு அம்மாளும் ரயிலேறி வந்திருந்தார்கள். ஈரம் காயாத மண்மேட்டருகே அந்த அம்மாள் குனிந்து, உயிரோடிருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "அய்யா, அன்னிக்குப் பொறந்த ரெண்டு கிடாரிக் கன்னும் இப்ப சினையா இருக்குதுங்க."

நிம்மதியாக உறங்குங்கள், டாக்டர். இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.