ககரத்தில் கட்டிய பங்களா

எங்கள் சார் கார் வாங்கிய வருஷம்தான் அவருக்குக் கிராமத்தின் மேல் பிரியம் வந்தது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் மாட்டுங்காவிலிருந்து செம்பூர் ஆபீசுக்கு பஸ்ஸில் வந்து போனவர். அந்தக் காலத்தில் கிராமம் என்ற சொல்லையே அவர் வாயில் கேட்டதில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ஏற்கெனவே இரண்டு டாக்டர்கள் ஓட்டிச் சலித்த கறுப்புக் கார் அது. அது வந்த மாதமே, பல் வைத்தியரிடம் காத்திருந்த நேரத்தில் சார் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் விடுமுறைக்குக் காரில் ஊர் ஊராகப் போவதும், ஓட்டலை விட்டுவிட்டு விவசாயி வீட்டில் தங்குவதும், காலையில் வைக்கோல் போரில் சாய்ந்துகொண்டு பால் குடிப்பதும் அதில் படத்தோடு வந்திருந்தன. சார் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ திருநெல்வேலிப் பக்கம்தானே?"

"ஆமா சார்."

"அப்போ கிராமம், விவசாயம் எல்லாம் தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்."

"மராட்டி?"

"தெரியும் சார்."

அந்த நாளில் சார் எதைக் கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் அவர் செக்ஷனில் டைப்பிஸ்ட். டெம்பரவரி. டிசம்பர் கடைசியோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் சார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நான் பர்மனெண்ட். போடாவிட்டால் ஜனவரி முதல் தேதி தாராவியில் அப்பாவோடு தோல் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். நான் ஆபீஸ் போவதை அப்பா எங்கள் சந்தில் எல்லோரிடமும் சொல்லி முடித்து, பக்கத்துச் சந்தில் சொல்லத் தொடங்கியிருந்தார்.

கிராமத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவு: நான் பிறந்தது தாராவி. திருநெல்வேலி என்பது எனக்குக் கடிதத்தின் மேல் எழுதும் விலாசம். மாட்டை நான் அறிந்ததெல்லாம் தோலாகத்தான். அதற்கு முந்திய நிலையில் அதனோடு எனக்குப் பழக்கமில்லை.

"கிறிஸ்துமஸ் லீவுல நாலு நாள் டூர்," என்றார் சார். "ஓட்டல் வேண்டாம். அசல் பார்ம் ஹவுஸ். நாலஞ்சு எடத்துக்கு எழுதிப் போடு. எது நல்லதுன்னு பார்த்து எனக்கு ரிப்போர்ட் குடு. நீயும் கூட வா. அந்த ஜனங்களோட பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்."

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அப்பா கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கார் வச்சிருக்கவரு எதுக்குல மாட்டுக்காரன் வீட்டுல போயி படுக்காரு? வீடு இல்லையா அவருக்கு?"

"இருக்குப்பா. மாட்டுங்காவுல நல்ல வீடு."

"பொறவு?"

"கிராமத்து அமைதி வேணுமாம்."

"அமைதியா? அங்கன அமைதியாத்தாம்ல கெடக்கும். வேல இல்லாம, சோறு இல்லாம, பேசத் தெம்பு இல்லாம. அந்த அமைதி தாங்காமத்தான ரயிலேறி வந்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒங்க சாருக்கு எதும் கோட்டி பிடிச்சிருக்கால?"

கோட்டி என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் பைத்தியம். பம்பாய் இந்தியில் அதே சத்தத்துக்குப் பங்களா என்று பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொள்ளப் போவது அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் சார் வீட்டுக்குப் போனேன். அவருடைய நிபந்தனைகளையும் அவர் மனைவியின் நிபந்தனைகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாருக்கும் மாமிக்கும் வெள்ளி டம்ளரில் காபி. எனக்குக் கண்ணாடி கிளாசில். காபி ஒரே காபிதான், நன்றாக இருந்தது.

"நெறைய மரம் இருக்கணும்," என்றார் சார். எழுதினேன்.

"பூச்சி இருக்கப்படாது," என்றாள் மாமி. எழுதினேன்.

"கெணத்தங்கரையில குளிக்கணும்."

"குளிக்கற எடம் உள்ள இருக்கணும். கதவோட. தாப்பாளோட."

"அதுக்கு இங்கேயே இருந்துடலாமே. தாப்பாள் போட்டா அது கிராமமா?"

"உங்களுக்குக் கிராமம் வேணும். எனக்குத் தாப்பாள் வேணும்." மாமி என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதிக்கோப்பா. முக்கியமா ஒண்ணு. அவா மீன் கீன் பண்ற எடமா இருக்கப்படாது. அந்த வாசனை பட்டா எனக்கு மூணு நாள் சாதம் எறங்காது."

மீன் கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். மாமி எட்டிப் பார்த்து, "இன்னொரு கோடு போடு," என்றாள்.

நான் ஐந்து இடங்களுக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று பதில் வந்தன. நாசிக் பக்கத்து வெங்காயப் பண்ணைக்காரர் ஒருவர், கண்டாலாவில் கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு பார்சிக் கிழவர், பேண் ஊரைத் தாண்டி ஒரு விவசாயி. நாசிக்குக்கும் கண்டாலாவுக்கும் மலை ஏற வேண்டும். காரை சயான் பாலத்தில் ஏற்றவே சார் இரண்டு தடவை கடவுள் பெயர் சொல்வார். ஆனால் அதைச் சொல்லவில்லை. "அங்கெல்லாம் டூரிஸ்ட் கூட்டம். அசல்தன்மை போயிடுத்து," என்றார். ஆக, சமதரையில் இருந்த பேண் ஒன்றுதான் அசலாக மிஞ்சியது.

அந்தப் பதில் மராட்டியில் எழுதிய தபால் அட்டை. எனக்கு மராட்டி தெரியும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தெருவில் பேசுகிற மராட்டி காதில் ஏறும், அவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆபீஸ் பியூனை, அதாவது பட்டாவாலாவை, பாவூ என்று கூப்பிடுவோம். அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போய் அட்டையைக் கொடுத்தேன். வாயில் புகையிலையோடு அவர் வாசிக்க வாசிக்க, தமிழில் குறித்துக்கொண்டேன். "நவா கோட்டா பாந்த்லா ஆஹே," என்று தொடங்கியது. புதுசாகக் கட்டியிருக்கிறான் என்பது புரிந்தது. சிமெண்ட் தரை, ஓட்டுக் கூரை, நல்ல காற்று. அப்புறம் ஆறு 'ஜன' என்று ஏதோ வந்தது. வார்த்தையின் வால் புகையிலைக்குள் போய்விட்டது. ஜனம் நமக்குத் தெரியாததா? ஆறு பேர் என்று எழுதினேன்.

"சமஜ்லா?" என்று கேட்டார் பாவூ, புரிந்ததா என்று.

"சமஜ்லா."

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மராட்டி தெரிந்தவன் எப்படிக் கேட்பான்?

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தேன். நோட்டில் 'கோட்டா' என்று இருந்தது. தமிழில் ஒரே ககரம். கல்லுக்கும் அதுதான், கங்கைக்கும் அதுதான். பாவூ எந்தக் ககரத்தைச் சொன்னார் என்று அந்த எழுத்து காட்டிக் கொடுக்காது. நான் படித்தவன் யோசிக்கிற மாதிரி யோசித்தேன். இந்தியில் கட்டோரி என்றால் சின்னக் கிண்ணம், கட்டோரா என்றால் பெரிய கிண்ணம். கோட்டி என்றால் பங்களா. ஆகவே கோட்டா என்றால் பெரிய பங்களா. இலக்கணம் இவ்வளவு சுத்தமாக எனக்கு எப்போதும் வேலை செய்ததில்லை. 'புதிதாகக் கட்டிய பெரிய பங்களா, சிமெண்ட் தரை, காற்றோட்டம், ஆறு பேர் வசதியாகத் தங்கலாம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

சார் 'பெரிய பங்களா' என்பதன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடிட்டார். "பார்த்தியா, விவசாயி எவ்வளவு முன்னேறிட்டான்," என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கிளம்பினோம். முன்னால் சாரும் மாமியும். பின்னால் ஸ்டவ், அரிசி, படுக்கை, ஊறுகாய் ஜாடி, நான். தாணா தாண்டி மும்ப்ரா பக்கத்து மேட்டில் கார் நின்றது. இறங்கித் தள்ளினேன். பன்வேலில் ஒரு தடவை நின்றது. அங்கேயும் தள்ளினேன். "கிராமத்துப் பிள்ளை, உடம்பு நன்னா உழைக்கறது," என்று சார் மாமியிடம் சொன்னது கேட்டது.

மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைத் தொப்பி போட்ட விவசாயி ஓடி வந்து கும்பிட்டார். அவருக்குப் பின்னால் தாழ்ந்த ஓட்டு வீடு. சார் சுற்றுமுற்றும் பார்த்தார். "பங்களா எங்கே?"

நான் விவசாயியிடம் கேட்டேன், "கோட்டா கிதர்?"

"ஹா காய்," என்று சந்தோஷமாகக் கை நீட்டினார் விவசாயி. இதோ.

சொன்னதெல்லாம் இருந்தது. சிமெண்ட் தரை, புது ஓடு. காற்றுக்குக் குறைவில்லை, மூன்று பக்கம்தான் சுவர். சுவரோரம் வரிசையாக ஆறு முளைக்குச்சிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தொட்டி. அட்டையில் இருந்தது ஆறு 'ஜனாவர்', ஆறு கால்நடை என்பதும், பாவூ சொன்னது கங்கையின் ககரம் என்பதும் அந்த ஆறு தொட்டிகளைப் பார்த்ததும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. அந்தக் ககரத்தில் சொன்னால் கோட்டா என்பது மாட்டுக் கொட்டில்.

விவசாயி பொய் சொல்லவில்லை. வீட்டில் இடம் இல்லை, புதுக் கொட்டில் கட்டியிருக்கிறேன், இன்னும் மாடு கட்டவில்லை, மனமிருந்தால் வாருங்கள் என்று நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். மாடுகள் எதிரே புளியமரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜனவரி முதல் தேதி தோல் ஷாப்பில் இடம் காலியா என்று அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சார் என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "இது என்னப்பா?"

நான் வாய் திறப்பதற்குள் விவசாயிக்கு எங்கள் காரும் மாமியின் பட்டுப் புடவையும் கண்ணில் பட்டு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர்கள் என்று தெரியாது, வீட்டுக்குள்ளேயே தங்குங்கள், நாங்கள் வெளியே படுத்துக்கொள்கிறோம் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். மாமி வாசல் வரை போனாள். உள்ளே உத்தரத்தில் வாசல் தோரணம் மாதிரி காய்ந்த பொம்பில் மீன் சரம் சரமாகத் தொங்கியது.

மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தாள். கொட்டிலுக்குள் நுழைந்து நடுவில் நின்றாள். மெதுவாகத் தலைப்பை எடுத்து மூச்சு விட்டாள்.

"இங்கேயே இருக்கலாம்," என்றாள்.

"இங்கேயா? மாட்டுக் கொட்டில்லயா?"

"கோசாலைன்னு சொல்லுங்கோ. பசு இருக்கற எடத்தைவிட சுத்தமான எடம் உண்டா? மீன் வாசனை இல்லே." என் பக்கம் திரும்பினாள். "மூணு கோடு போட்டுண்டே இல்லையா, அதான் பார்த்து எழுதியிருக்கே. கெட்டிக்காரப் பிள்ளை. கதவுக்கு மட்டும் எதையாவது கட்டு."

நான் படுக்கை விரிப்பைக் கட்டினேன். விவசாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது வீட்டுக்குள் முதலில் பசுவை ஓட்டுவது வழக்கம். தன் பசுக்களின் புது வீட்டுக்குப் பம்பாயிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பால் காய்ச்சுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மூன்று நாளும் ஆட்கள் வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சார் அவர்களுக்குக் கை காட்டினார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் தப்பு மாமிக்குத் தெரியாது, சாருக்குத் தெரியும். சிவந்த முகத்தைப் பார்த்தேனே. அவர் தாளில் கையெழுத்துப் போட மாட்டார் என்றே வைத்துக்கொண்டேன். போகிறதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மூன்றாம் நாள் காலை அவரிடம் போனேன். சார் முளைக்குச்சியில் கண்ணாடி மாட்டி சவரம் செய்துகொண்டிருந்தார்.

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு. கோட்டான்னா பங்களான்னு நெனச்சிட்டேன். எனக்கு மராட்டி எழுத்து தெரியாது சார். தமிழ்ல ஒரே ககரம்ங்கறதால..."

சார் கத்தியை நிறுத்தினார். "இதை யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல சார்."

"சொல்லாதே." கன்னத்தில் பாதி நுரையோடு திரும்பினார். "மாமி எவ்வளவு சந்தோஷமா இருக்கா பார்த்தியா? இந்த எடத்தை நான்தான் தேடித் தேர்ந்தெடுத்தேன்னு நேத்து அவகிட்ட சொல்லிட்டேன். ஆபீஸ்லயும் சொல்லப் போறேன். இப்போ நீ தப்புங்கறே. அந்தத் தப்புல சிவப்புப் பென்சிலால கோடு போட்டவன் யாரு?"

"நீங்க சார்."

"நான் தப்புல கோடு போடுவேனா?"

"மாட்டீங்க சார்."

"தப்பா ரிப்போர்ட் எழுதற டைப்பிஸ்டை நான் எப்படிப் பர்மனெண்ட் பண்ண முடியும்? அதனால தப்பு இல்லே." அடுத்த கன்னத்துக்குப் போனார். "தண்ணி கொண்டு வா."

டிசம்பர் முப்பத்தொன்று காலை சார் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். என்னைப் பற்றிய கடிதம். நாட்டுப்புற நிலவரங்களில் நேரடி அனுபவமும் மராட்டியில் நல்ல தேர்ச்சியும் உள்ளவர் என்ற வரியை நானே என் கையால் அடித்தேன். மராட்டியில் தேர்ச்சி என்ற இடத்தில் ஒரு எழுத்துத் தப்பு விழுந்து, அழித்து மறுபடி அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே பாவூவிடம் மராட்டி எழுத்து கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். முதலில் இரண்டு ககரத்தையும் எழுதிக் காட்டச் சொன்னேன்.

வீட்டில் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை இருந்த மூலையைக் கட்டை விரலால் தடவினார். பிறகு எல்லாவற்றையும் கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். மாமி சமைத்தது, சார் முளைக்குச்சியில் கண்ணாடி மாட்டியது, ஊர் ஆட்கள் வேடிக்கை பார்த்தது எல்லாம். அப்பா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்த மாடெல்லாம் எங்கலே படுத்துச்சு?"

"வெளியதான், புளிய மரத்தடியில."

"மார்கழிப் பனியிலயா?"

"ஆமாப்பா."

கடிதத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார். "பாவம்ல அதுக," என்றார்.